அந்தத் தாயிடம் கேட்ட கேள்வி

"என் பையனை மக்குன்னு எழுதிடாதீங்க. சமைப்பான், புல் வெட்டுவான், தம்பியைப் பார்த்துக்குவான்" என்றார் அந்த அம்மா. டெக்சஸில் மரண தண்டனைக் கைதிகளின் வாழ்க்கை விவரங்களை அவர்கள் தரப்பு வழக்கறிஞர்களுக்காகத் திரட்டுவது என் வேலை. அந்தப் பதில் மகனுக்கு எதிராகப் போகும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றுவது கொடூரமான தண்டனைகளைத் தடுக்கும் அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தத்துக்கு விரோதம் என்று 2002-இல் அட்கின்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. யாருக்கு அந்தக் குறைபாடு என்று தீர்மானிப்பதைப் பெரும்பாலும் மாநிலங்களிடமே விட்டுவிட்டது. வம்பு அங்கேதான் தொடங்கியது. ஐக்யூ 70-ஐத் தாண்டினால் வேறெதையும் பார்க்க மாட்டோம் என்றது ஃப்ளோரிடா. 2014-இல் அது செல்லாது என்றாகியது. டெக்சஸில் பாபி மூர் என்ற மரண தண்டனைக் கைதிக்குப் பதின்மூன்று வயதிலும் கிழமை, மாதம் சரியாகத் தெரியாது, மணி பார்க்கத் தெரியாது. ஆனால் புல் வெட்டினார், காசு வைத்து பில்லியர்ட்ஸ் மாதிரி மேசை ஆட்டம் ஆடினார் என்று மாநில நீதிமன்றம் அவருடைய திறமைகளைப் பட்டியல் போட்டது. திறமைகளுக்கு இவ்வளவு எடை கொடுத்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2017 ஆயிற்று.

அதனால்தான் வேறு மாதிரி கேட்டேன்: "கடைக்கு அனுப்பினா மீதிக் காசை யாரும்மா எண்ணுவாங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவன் தங்கச்சியையும் கூடவே அனுப்புவேன்." சமையல்? முட்டை மட்டும்தான். அடுப்பை அணைக்க மறந்துவிடுவான் என்று இவர் பின்னாலேயே நிற்பாராம்.

நான் பொய் எதையும் சொல்ல வைக்கவில்லை. கேட்காமல் விட்டிருந்தால் இது எதுவும் பதிவாகியிருக்காது. ஆனால் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் யாரும் மகனை அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்று ஆயுசு பூராவும் பாடுபட்டவர் வாயாலேயே அதைச் சொல்ல வைத்தேன். கையெழுத்துப் போடும்போது, "இதை அவன் முன்னாடி வாசிப்பாங்களா?" என்றார். வாசிக்கலாம் என்றேன். கேள்வி கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டுமோ? சொல்லியிருந்தால் தங்கச்சி கதை வந்திருக்குமா?

அவர் முதலில் சொன்னதையும் அறிக்கையில் அப்படியே விட்டிருக்கிறேன். அரசுத் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும், எடுத்துவிடு என்கிறார் எங்கள் வழக்கறிஞர். அவர் பயம் நியாயமானது. மூர் தீர்ப்பு இருக்கிறதே என்று நான் வாதாடினேன். உண்மையில், அதை எடுத்துவிட்டால் அந்த அம்மா தன் மகனைப் பற்றி விரும்பிச் சொன்ன ஒரே வாக்கியமும் போய்விடும். ஒருவருடைய உயிர் தொங்கிக்கொண்டிருக்கும்போது இதைப் பார்க்கலாமா என்றுதான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை.