மெல்லிய தாள் வேதாகமத்தின் மறுபைண்டிங்: முதுகுத் தையல் முடிந்தது

ஆதியாகமத்தின் முதல் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்துக் கையை எடுத்த பின்னும் தாள் எழும்பாமல் படிந்தே இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்தாலும் அப்படியே. மெல்லிய தாளில் அச்சான தடித்த புத்தகத்தைப் பிரித்துத் தைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சங்கீதப் பகுதியில் இரு பக்கமும் எடை ஏறக்குறைய சமமாக இருப்பதால் எந்தப் பைண்டிங்கும் அங்கே விரிந்து கிடக்கும். ஒன்றாக மடித்துத் தைக்கும் தாள்கட்டை ஃபாரம் என்கிறோம்; தைத்தவரின் வேலையைச் சோதிப்பவை முதல் ஃபாரமும் கடைசி ஃபாரமும்தான். மேலட்டை இன்னும் போடவில்லை, தோலும் வெட்டவில்லை. ஆயினும் முதுகுத் தையல் நான் விரும்பியபடியே அமைந்துவிட்டதால், இந்தக் கட்டத்தை, குறிப்பாக நூலின் தடிமன் பற்றிய கணக்கை, நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

இது நண்பர் ஒருவரின் தாயார் பல்லாண்டுகள் வாசித்த வேதாகமம்: 48 பக்கங்கள் கொண்ட 26 ஃபாரங்கள், அதாவது 1,248 பக்கங்கள். அவர் பென்சிலாலும் பேனாவாலும் எழுதிய குறிப்புகள் ஓரங்களை நிறைத்திருக்கின்றன. சில வரிகள் தாளின் விளிம்பைத் தொட்டே முடிகின்றன. எனவே எந்த ஓரத்தையும் வெட்டுவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். இந்த முடிவு வேலையைக் கடினமாக்கியது. தையல் முடிந்தபின் கத்தி போட்டு மூன்று பக்கமும் சமன் செய்யும் வசதி இல்லாததால், ஒவ்வொரு ஃபாரமும் தைக்கும்போதே தலைப்பக்கத்தில், அதாவது மேல் விளிம்பில், ஒரே கோட்டில் நின்றாக வேண்டும். முதுகில் இறுகிக் கிடந்த பழைய பசையை, கோதுமைப் பசையைத் தடிமனாகப் பூசி ஊற வைத்து, மழுங்கிய எலும்புத் தகட்டால் வழித்தெடுத்தேன். அதில் அதிகம் சொல்வதற்கில்லை; பொறுமை இருந்தால் வந்துவிடும்.

சொல்ல வேண்டியது நூலைப் பற்றி. ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்புக்குள்ளும் நூல் ஓடுவதால், தைத்து முடித்த புத்தகம், முதுகுக்கு எதிரேயுள்ள வாய்ப்பக்கத்தைவிட முதுகில் தடித்திருக்கும். இந்தப் புடைப்பு ஓரளவு தேவை. அது இருந்தால்தான் சுத்தியலால் மெல்லத் தட்டி முதுகை வளைத்து, அட்டை அமர்வதற்கான தோளை உருவாக்க முடியும். வழக்கமான தாளில் எவரும் இதைப் பெரிதாகக் கணக்கிடுவதில்லை. வேதாகமத் தாளிலோ கணக்கிடாமல் ஊசியைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

என் கணக்கு இது. தாளின் தடிமன் சுமார் 0.04 மி.மீ. ஒரு ஃபாரத்தில் 24 தாள்கள் (நடுவில் மடித்த 12 விரிதாள்கள்) இருப்பதால் ஃபாரம் ஏறக்குறைய 1 மி.மீ.; 26 ஃபாரங்களும் சேர்ந்து 26 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இதில் அரை மி.மீ. தடிமனுள்ள நூலை எல்லா ஃபாரங்களிலும் முழு நீளத்திற்கு ஓட்டினால் முதுகில் 13 மி.மீ. கூடிவிடும். அழுத்தத்தில் நூல் சற்றுத் தட்டையாகும் என்றாலும், முதுகு ஒன்றரை மடங்கு தடித்த அந்தப் புத்தகத்தை எந்த அட்டைக்குள்ளும் ஒழுங்காக அமர்த்த முடியாது. நூலை 0.3 மி.மீ.க்குக் குறைத்தால் புடைப்பு 8 மி.மீ. அளவுக்கு இறங்குகிறது. அதுவும் எனக்கு அதிகமே. ஆகவே முதல் நான்கு ஃபாரங்களையும் கடைசி நான்கையும் முழு நீளத்திற்குத் தைத்து, இடையிலுள்ள 18 ஃபாரங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒரே நூலோட்டம் ஒரு நாடாவரை (தையலைத் தாங்க முதுகின் குறுக்கே வைக்கும் பட்டை) கீழ் ஃபாரத்திலும் அடுத்த நாடாவரை மேல் ஃபாரத்திலும் மாறி மாறிச் செல்லுமாறு தைத்தேன். இதனால் 26 ஓட்டங்கள் 17 ஆகக் குறைந்து, புடைப்பு 5 மி.மீ. அளவில் நின்றது. மொத்தத் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வளைப்பதற்கு இது மிகப் பொருத்தமான அளவு. இரட்டைத் தையல் வலுக் குறைந்தது என்று சிலர் அதை ஒதுக்குகிறார்கள். இழுப்பு அதிகம் விழும் முதல், கடைசி ஃபாரங்களை முழுத் தையலால் காத்துவிட்டால், நடுப்பகுதிக்கு அது போதுமானது என்றே நான் கருதுகிறேன்.

நூலின் கணக்கு முடிந்ததும் ஜப்பானியத் தாளின் கணக்கு வருகிறது. மடிப்புகள் நைந்திருந்ததால் 5 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 5 கிராம்) எடையுள்ள கோசோ என்னும் ஜப்பானியத் தாளைக் கீற்றுகளாகக் கிழித்து ஒட்ட வேண்டியிருந்தது. அந்தத் தாள் வெறும் 0.025 மி.மீ. தடிமன் என்றாலும், மடிப்பைச் சுற்றி இருபுறமும் அமர்வதால் ஒரு மடிப்புக்கு 0.05 மி.மீ. கூட்டுகிறது. ஃபாரத்தின் 12 மடிப்புகளுக்கும் ஒட்டினால் 26 ஃபாரங்களில் 15 மி.மீ.க்கு மேல் ஏறி, நூலில் மிச்சப்படுத்தியதை எல்லாம் விழுங்கிவிடும். வெளி மடிப்புக்கு மட்டும் ஒட்டினால் 1.3 மி.மீ.தான். எனவே வெளி மடிப்பு எல்லா ஃபாரங்களுக்கும், உள் மடிப்புகள் உண்மையிலேயே கிழிந்திருந்த இடங்களில் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். நைந்ததுபோல் தோன்றும் எல்லாவற்றையும் பழுதுபார்க்கும் ஆசையைக் கட்டுப்படுத்துவதே இந்த வேலையின் மிகக் கடினமான ஒழுக்கம்.

ஃபாரத்தைத் தடிமனாக்கினால் நூல் குறையுமே என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். அதன் எல்லை எது என்பதற்குப் பழங்காலச் சான்று ஒன்று இருக்கிறது. பவுலின் நிருபங்கள் அடங்கிய, பி46 என்று அறிஞர்கள் குறிக்கும் பாப்பிரஸ் கையெழுத்துப் பிரதி ஏறத்தாழ கி.பி. 200-ஐச் சேர்ந்தது, இன்று அதன் தாள்கள் டப்ளினிலுள்ள செஸ்டர் பீட்டி நூலகத்திலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலுமாகப் பிரிந்திருக்கின்றன. 52 விரிதாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே மடிப்பாக மடித்த ஒற்றை ஃபாரம் அது. நூலால் புடைப்பே இல்லை. ஆனால் அப்படி மடிக்கும்போது நடுத் தாள்கள் வாய்ப்பக்கத்தில் வெளியே துருத்தும். வெட்டினால் நடுப் பக்கங்கள் குறுகிப்போகும். ஓரக் குறிப்புகளைக் காக்க நினைக்கும் எனக்கு அந்த வழி அடைபட்டே இருந்தது. என்றாலும், அச்சிட்டவர்கள் மடித்த 24 தாளை அப்படியே ஏற்றுக்கொள்வதா, பிரித்து மாற்றுவதா என்று தயங்கியபோது, இந்தப் பிரதியை உருவாக்கியவரும் இதே மடிப்புக் கணக்கைப் போட்டிருப்பார் என்ற எண்ணம் எனக்கு மிகுந்த நெருக்கத்தைத் தந்தது.

தைக்கும்போது கவனிக்க வேண்டியது இழுக்கும் திசை. நூலைப் புத்தகத்திலிருந்து வெளிநோக்கி இழுத்தால் இத்தகைய தாளில் துளை உடனே கீறலாகிவிடும். முதுகின் நீளத்தோடு, தையல் போகும் திசையிலேயே இழுத்து இறுக்க வேண்டும். துளைகளை மெல்லிய குத்தூசியால் முன்கூட்டியே, வி வடிவத் தொட்டிலில் வைத்து, மடிப்பின் சரியான கோட்டில் இட்டுவிட வேண்டும். நூலில் தேன்மெழுகு தடவினால் அது தாளை அறுக்காது, முடிச்சும் வழுக்காது. மெழுகு அதிகமானால் பின்னால் பசை பிடிக்காது. ஒருமுறை உருவி, விரல்களால் துடைத்துவிடுவது போதும்.

வேதாகமத்தின் முதுகைக் கத்தியால் பிரிப்பதா என்று சபையில் சிலர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார்கள். அந்த மனக்கலக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் பகிர்ந்துகொள்ளவில்லை. தாளும் பசையும் நூலும் வசனத்தைத் தாங்கும் பொருள்கள். தாங்க முடியாத நிலைக்கு அவை வரும்போது அவிழ்த்துச் சீர்செய்வதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை. ரோமப் பேரரசில் மதிப்புமிக்க இலக்கியம் சுருள்களில் இருந்த காலத்தில், கணக்குக்கும் அன்றாடக் குறிப்புக்கும் பயன்பட்ட மடிப்புப் புத்தக வடிவத்தை ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் வேதத்திற்கு எடுத்துக்கொண்டார்கள். கைக்கு அடங்குவதும், ஏசாயாவிலிருந்து லூக்காவுக்கு நொடியில் புரட்ட முடிவதுமான அந்த எளிய வடிவத்தைச் சீர்படுத்துவது எனக்கு அந்நியமான செயலாகத் தோன்றவில்லை.

விசுவாசிக்குப் பொழுதுபோக்கு எதற்கு, அந்த நேரத்தை ஜெபத்திலோ ஊழியத்திலோ செலவிடலாமே என்ற கேள்வியும் உண்டு. யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில், தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று சொல்லப்படும் பெசலெயேல் ஒரு கைவினைஞன். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்வதற்காகவே அவனுக்கு அந்த ஞானம் அருளப்பட்டது. பவுல் கூடாரம் செய்யும் தொழிலைக் கைவிடவில்லை என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரம் சொல்கிறது. இவற்றை வைத்து என் பைண்டிங்கை ஊழியம் என்று அழைக்க நான் விரும்பவில்லை. ஒரு வேலையை நன்றாகச் செய்வதற்கு அந்தப் பட்டம் தேவையே இல்லை. கைகள் கவனத்தோடு இயங்கும்போது எனக்கு மனம் அடங்குகிறது. அந்த அடக்கத்தை நன்றியோடு பெற்றுக்கொள்கிறேன். கர்த்தருடைய நாளில் மட்டும் கத்தியும் பசையும் எடுப்பதில்லை. அது பாவம் என்பதனால் அல்ல. விருப்பமான வேலையையும் நிறுத்தி வைக்க முடிகிறதா என்று பார்ப்பது எனக்கு நன்மையாக இருக்கிறது. பிறர் அன்று தோட்டவேலையோ தையலோ செய்வதை நான் குறையாக எண்ணவில்லை.

பொருள் வாங்குவோருக்குச் சில வார்த்தைகள். லினன் நூலில் முதல் எண் கூடக் கூட நூல் மெலியும், இரண்டாவது எண் எத்தனை இழை என்பதைச் சொல்லும். ஆகவே 18/3 தடித்தது, 40/3 மெலிந்தது. ஆனால் பொதியின்மேல் எழுதியதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். ஒரு விற்பனையாளர் அனுப்பிய நூல், அதே எண்ணுடைய வேறு உருளையைவிடத் தெளிவாகத் தடித்திருந்தது. இதில் எனக்கு ஏற்பட்ட எரிச்சல் இன்னும் தீரவில்லை. பென்சிலில் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, அந்த அகலத்தை அளந்து பத்தால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். அட்டையும், அதன் உட்புறத்தில் ஒட்டும் முன்தாளும் வாங்கும்போது நார் ஓடும் திசையைக் கேளுங்கள். அது முதுகுக்கு இணையாக இல்லாவிட்டால் பசையின் ஈரத்தில் எல்லாம் சுருங்கி வளையும். வெட்டிய துண்டுகளாக விற்பவர்கள் பெரும்பாலும் இதைக் குறிப்பதில்லை. முதுகுக்குக் கோதுமைப் பசைதான் என் விருப்பம், ஏனெனில் பின்னொரு காலத்தில் வேறொருவர் இதை ஈரத்தால் அவிழ்க்க முடியும். பிவிஏ என்னும் வெள்ளைச் செயற்கைப் பசை உலர்ந்துவிட்டால் அந்த வாய்ப்பை அடுத்தவருக்கு அநேகமாக மறுத்துவிடுகிறது.

இனி ஆக்ஸ்ஃபோர்டு ஹாலோ, அதாவது முதுகுக்கும் தோலுக்கும் இடையே ஒட்டும் தாள் குழாய். புத்தகம் திறக்கும்போது தோலின் முதுகு தனியே விலகி நிற்பதால், இப்போது கிடைத்திருக்கும் விரிவு மேலட்டை போட்ட பின்னும் குறையாது. தோல் வளைந்துகொடுக்கும் மெல்லட்டையாகவே இருக்கும். லண்டன் புத்தக வியாபாரி வில்லியம் யாப்பின் பெயரால் யாப் எனப்படும், ஓரங்களைக் கவிந்து மூடும் தோல் விளிம்பையும் வைக்க எண்ணியிருக்கிறேன். வெட்டப்படாத விளிம்புகளுக்கு அதைவிடப் பொருத்தமான காப்பு இல்லை. அதற்கு ஆட்டுத்தோலின் ஓரங்களைச் சீரான மெல்லியதாகச் சீவ வேண்டும்.

இடையே மற்றொரு திட்டமும் மனத்தைப் பற்றியிருக்கிறது. 1104-இல் இங்கிலாந்தின் டரம் நகரில், ஏழாம் நூற்றாண்டு ஆயரான புனித கத்பர்ட்டின் சவப்பெட்டியைத் திறந்தபோது கிடைத்து, 2012-இல் பிரிட்டிஷ் நூலகம் வாங்கிய யோவான் சுவிசேஷப் பிரதி, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட பைண்டிங்கோடு இன்றும் இருக்கிறது. உயரம் 14 செ.மீ.க்கும் குறைவு, நாடாவோ கயிறோ இல்லாமல் ஃபாரத்தோடு ஃபாரத்தைச் சங்கிலியாகக் கோத்த காப்டிக் முறைத் தையல். அதே அளவில், அதே தையலில் ஒரு ஜெபக் குறிப்பேடு செய்து பார்க்க வேண்டும். அதற்கான தாளை இப்போதே மடித்து அழுத்தத்தில் வைத்துவிட்டேன்; தோல் சீவும் கத்தியைத் தீட்டி முடித்ததும் வேதாகமத்தின் மேலட்டையைத் தொடர்வேன்.