‘போர்டு இருந்துச்சும்மா’

போன வருடம் ஐப்பசியில், அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் ஒரு பால்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். விடிகாலை நாலரை மணிக்குச் சொசைட்டிக்குப் பால் எடுத்துப் போனவர். சிறுபாலம் கட்டத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில், இரண்டு பக்கமும் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸெல் வண்டியோடு விழுந்துவிட்டார். தோள் எலும்பு முறிவு, நெற்றியில் ஆறு தையல். உயிருக்கு ஆபத்தில்லை.

“எச்சரிக்கைப் பலகை எதுவும் வைக்கலையாங்கய்யா?” என்று கேட்டேன்.

“போர்டு இருந்துச்சும்மா. பள்ளத்துக்குப் பக்கத்துலயே நின்னுச்சு. போர்டைப் பாக்கும்போது நான் பள்ளத்துக்குள்ள கெடக்கேன்” என்றார்.

அந்தப் பள்ளம் எனக்குத் தெரிந்த பள்ளம். பதினோரு நாள் முன்பு நான் கொடுத்த அறிக்கையில் 17-வது வரிசையில் இருந்தது. அதற்கு எதிரே, பதில் எழுதும் கட்டத்தில், ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

நான் செய்வது சாலைப் பாதுகாப்புத் தணிக்கை. சைட்டில் எல்லோரும் ‘சேஃப்டி ஆடிட்’ என்பார்கள். தார் கனம் சரியா, ஜல்லி தரமா என்று பார்க்கிறவள் என்றுதான் ஊர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அது வேறு ஆட்களின் வேலை. இந்தச் சாலையில் யார், எந்த நேரத்தில், எப்படி அடிபடக்கூடும் என்று முன்கூட்டியே பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. வரைந்தவர்களும் கட்டுகிறவர்களும் தணிக்கைக் குழுவில் இருக்கக் கூடாது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐஆர்சி) 2010-ல் கொண்டுவந்து 2019-ல் திருத்திய எஸ்பி 88 கையேடு, இந்தத் தணிக்கையைப் பல கட்டங்களாகச் செய்யச் சொல்கிறது: முதல்நிலை வடிவமைப்பு, விரிவான வடிவமைப்பு, கட்டுமானம் நடக்கும் காலம், திறப்பதற்கு முன், திறந்த பிறகு. நாங்கள் பரிந்துரைக்கத்தான் முடியும். உத்தரவு போட முடியாது. ஏற்க முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சாலை காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இருவழிச் சாலையாக இருந்து நாலுவழியாகிற 31 கிலோமீட்டர். எந்தச் சாலை, யார் ஒப்பந்ததாரர் என்று இங்கே எழுதப் போவதில்லை. இதே பள்ளம் வேறு சாலைகளிலும் இருக்கிறது.

விரிவான வடிவமைப்புக் கட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் நுழைவு வளைவு நிற்கும் இடத்தில், சாலையின் நடுத்திட்டான மீடியனில் ஒரு திறப்பு வரைந்திருந்தார்கள். சாலை அங்கே வளைகிறது. உள்பக்கம் பழைய சத்திரத்துச் சுவர். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்த சாலையில் வண்டியை நிறுத்த 120 மீட்டர் முன்பே எதிரில் இருப்பது தெரிய வேண்டும். அங்கே 70 மீட்டர்கூடத் தெரியவில்லை. சாலை வளைகிற இடத்தைத் தாண்டித் திறப்பை நகர்த்தச் சொன்னோம், ஒரே கூட்டத்தில் முடிந்தது. காகிதத்தில் இருக்கும்போது பிடித்தால் இப்படித்தான் முடியும்.

கட்டுமானக் காலம் அப்படியல்ல. நான் திங்கட்கிழமை பார்த்த சாலை வியாழக்கிழமை அங்கே இருக்காது. மாற்றுப்பாதை இடம் மாறியிருக்கும், புதிதாக ஒரு பக்கம் தோண்டியிருப்பார்கள், நேற்றுவரை சமமாக இருந்த தார் ஓரம் இன்று முக்கால் அடி உயர்ந்து நிற்கும். அந்த ஓரத்தில் டூவீலர் சக்கரம் ஒரு தடவை இறங்கினால் திரும்ப ஏறாது, சாய்த்துவிடும். வழக்கமாகப் போகிறவருக்குச் சாலை பழகியிருக்கும். அந்தப் பழக்கம்தான் அவரை ஏமாற்றுகிறது. பால்காரர் இருபது வருடமாக அந்த வழியில் போனவர்.

அவருடைய கணக்கைப் போட்டுப் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகம் என்றே வைப்போம். ஒரு விநாடிக்கு 11 மீட்டர். கண் பார்த்து, மூளைக்கு எட்டி, கை பிரேக்கைப் பிடிக்க இரண்டரை விநாடி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதற்குள் 28 மீட்டர் போய்விடும். அப்புறம் வண்டி நிற்கிற தூரத்தையும் சேர்த்து 45 மீட்டர் வேண்டும் என்கிறது ஐஆர்சி. பலகை நின்றது பள்ளத்திலிருந்து 4 மீட்டரில். டேப் வைத்து அளந்தேன்.

வேலை நடக்கும் இடங்களுக்கென்றே ஐஆர்சியின் எஸ்பி 55 கையேடு இருக்கிறது. தூரத்திலேயே எச்சரிக்கிற பகுதி, வண்டியை மெல்ல ஒதுக்குகிற பகுதி, வேலை நடக்கும் பகுதி, திரும்பச் சாலைக்குக் கொண்டுவிடுகிற பகுதி என்று நான்காகப் பிரித்துப் படம் போட்டுச் சொல்கிறது. ஆனால் மாதாந்திரச் சரிபார்ப்புப் பட்டியலில் ‘எச்சரிக்கைப் பலகை உள்ளதா?’ என்றுதான் ஒரு வரி இருக்கும். உள்ளது என்று டிக் போடுவார்கள். அது பொய்யும் இல்லை. பகல் பதினோரு மணிக்கு, நல்ல வெயிலில் எடுத்த போட்டோவும் இணைத்திருப்பார்கள்.

அதனால்தான் இரவில் போகிறேன். டிரைவர் அண்ணனிடம், “இந்த ரோட்டுக்குப் புதுசா வர்றவர் மாதிரி ஓட்டுங்கண்ணே, டிப் லைட்லயே போங்க” என்று சொல்லிவிடுவேன். முதலில் இரண்டு திசையிலும் வண்டியில் ஒரு தடவை. அப்புறம் இறங்கி, நானும் என்னோடு வரும் இளம் இன்ஜினியரும் டேப்பும் டார்ச்சுமாக நடப்போம். பகலில் ஒழுங்காகத் தெரிந்த பேரிகேட் வரிசை இரவில் காணாமல் போய்விடுகிறது. காரணம் பெரும்பாலும் புழுதிதான். ஒளி திருப்பும் ஸ்டிக்கர் மேல் ஒரு வாரப் புழுதி படிந்தால் அது வெறும் தகரம். கையில் இருந்த துணியால் ஒரு பலகையைத் துடைத்தேன். அம்புக்குறி பளிச்சென்று வந்தது. கூடவே வந்த சைட் இன்ஜினியர், “மேடம், இது நிஜமாவே மின்னுதே” என்றார். ஆறு மாதமாகத் தினமும் அதைத் தாண்டிப் போகிறவர் அவர். எப்போதும் பகலில்தான் போயிருக்கிறார்.

சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த தார் டிரம்கள் இன்னொரு விஷயம். சாதாரண எனாமல் பெயின்ட் இரவில் ஒன்றும் காட்டாது. ஒரு இடத்தில் எட்டு டிரம்மில் மூன்றைக் காணோம். விசாரித்தால், வயலுக்குப் போகிற டிராக்டர்காரர் நகர்த்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். “எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாங்க மேடம்” என்று சூப்பர்வைசர் குறைபட்டார். மாற்றுப்பாதை போட்டவர்கள் வயலுக்கு இறங்க வழியே விடவில்லை. நடவு நேரம், அவர் என்ன செய்வார்? வயலுக்கு இறங்க ஒரு சரிவு போட்டுக் கொடுத்த பிறகு டிரம்கள் நகரவேயில்லை.

கொடி காட்டுகிற பையன்களைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். ஒருவன் ஜார்க்கண்டிலிருந்து வந்தவன், பத்தொன்பது இருபது வயது இருக்கும். மாலை ஏழரைக்கு, கையில் சிவப்புத் துணியோடு, வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். மேலே கறுப்பு டி-சர்ட். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். காலைவரை கலவை இயந்திரத்தில் இருந்தானாம். ஆள் வரவில்லையென்று இங்கே நிற்கச் சொன்னார்களாம். எங்கே நிற்க வேண்டும், லாரி நிற்காமல் வந்தால் எந்தப் பக்கம் குதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நான் மேலே போட்டிருந்த ஒளிரும் பாதுகாப்பு ஜாக்கெட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டேன். புராஜெக்ட் மேனேஜருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். நாற்பது நிமிடத்தில் ஒளிரும் கைத்தடியும் இன்னொரு ஆளும் வந்தார்கள். இருபத்தைந்து வருட வேலையில் என் குரல் உயர்ந்த சில சமயங்களில் அது ஒன்று.

இதெல்லாம் ஏன் நடக்கிறது? ஒப்பந்ததாரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மத்திய அரசின் சாலைப் பணி விவரக்குறிப்பில் 112 என்றொரு பிரிவு இருக்கிறது. கட்டுமானத்தின்போது போக்குவரத்துக்கான ஏற்பாடுகள் வேலையோடு சேர்ந்தவை, தனியாகப் பணம் கிடையாது என்பது அதன் பொது விதி. ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் வரும். துடைத்த பலகைக்குப் பணம் வராது. பணம் வராத வேலையைக் கடைசி ஆளிடம்தான் கொடுப்பார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தனித்தனி இனமாக டெண்டரிலேயே போட்டு, செய்ததற்கு மாதாமாதம் பணம், செய்யாததற்குப் பிடித்தம் என்று வைத்த ஒப்பந்தங்களிலும் வேலை செய்திருக்கிறேன். அங்கே கொடி பிடிக்கிற ஆள் தினம் மாறுவதில்லை.

சட்டமும் இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198ஏ பிரிவு, வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் சாவோ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஒருவர் செத்த பிறகோ ஊனமான பிறகோதான் அந்தப் பிரிவுக்கு வேலை வரும். 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் சாலை விபத்துகளில் 17,884 பேர் செத்தார்கள்.

பால்காரர் விழுந்த பிறகு நடந்த கூட்டத்தில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: இனிமேல் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்ற பதில் வேண்டாம். யார் செய்வார், எந்தத் தேதிக்குள், செய்து முடித்ததற்கு இரவில் எடுத்த போட்டோ. ஒத்துக்கொண்டார்கள். அடுத்த சுற்றில், நான் சுட்டிக்காட்டிய 43 குறைகளில் 36 சரிசெய்யப்பட்டு மூடப்பட்டன.

தைப்பூசம் வந்தது. அந்த வட்டாரத்திலிருந்து பழனிக்கு நடக்கிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலும் விடியலிலும் நடப்பார்கள். இந்தத் திட்டத்துக்கான போக்குவரத்துக் கணக்கெடுப்பு ஏழு நாள் எடுத்தது, அதுவும் ஆடி மாதத்தில். அதில் காவடி ஒன்றுகூடப் பதிவாகவில்லை. சாலையோரத்தில் நடக்க இடம் விட்டிருக்கிறோமே என்றார்கள். விட்டிருந்த இடம் ஜல்லி பரப்பி உருட்டிய இடம். வெறுங்காலோடு வருகிறவர்கள் அதில் நடப்பார்களா? கால் தானாக வழவழப்பான தாருக்குப் போகும். அந்தத் தாரில்தான் இரண்டு திசை வண்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன.

மார்கழி முதல் வாரத்தில், நானே செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஜல்லியில் ஐம்பது மீட்டர் நடந்து காட்டினேன். புராஜெக்ட் மேனேஜரும் நடந்தார். அவர் மாலை போட்டவர்; அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. புதிதாகத் தார் போட்டு இன்னும் திறக்காத பக்கத்தில் ஆறு கிலோமீட்டரைப் பத்து நாளைக்கு வண்டி ஏறாமல் தடுத்து, நடக்கிறவர்களுக்கே விட்டார்கள். தண்ணீர் நிரப்பிய தடுப்புகள், அரை கிலோமீட்டருக்கு ஒரு விளக்கு. நடக்கிறவர்களின் பைகளிலும் கம்புகளிலும் காவல்துறை ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியது. புராஜெக்ட் மேனேஜரே சொந்தச் செலவில் தண்ணீர்ப் பந்தலும் வைத்தார். அந்தப் பத்து நாளில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. கடைசி நாள் இரவு, ஒரு பாட்டி அந்தப் புதுத் தாரில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டு, “பட்டு மாதிரி இருக்கு தாயி” என்றார்.

சித்திரையில் திறப்புக்கு முந்தைய தணிக்கை. வெள்ளைக் கோடுகள் பளபளக்க, சாலை பார்க்க அழகாக இருந்தது. எனக்கு அதுதான் பயம். பழைய சாலையில் ஐம்பதில் போனவர் இதில் தொண்ணூறில் போவார், ஆனால் ஊர் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு ஊரில் வீடுகள் ஒரு பக்கம், ரேஷன் கடை மறுபக்கம். மீடியன் திறப்பு 600 மீட்டர் தள்ளி. டீக்கடை அம்மா, “அரிசி மூட்டையத் தூக்கிட்டு அம்புட்டுத் தூரம் யாரு சுத்துவா?” என்றார். யாரும் சுற்றவில்லை. திறப்பதற்கு முன்பே, மீடியனில் நிரப்பிய மண்ணில் ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. மக்கள் எங்கே கடக்கிறார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான ஆதாரம் எந்தக் கணக்கெடுப்பிலும் கிடைக்காது.

அந்த ஒற்றையடிப் பாதை இருக்கும் இடத்திலேயே கடக்க வழி கொடுங்கள் என்று எழுதினேன். நடுவில் நின்று போக மீடியனில் இடம், இரண்டு பக்கமும் வேகம் குறைக்க அதிர்வுக் கோடுகள், பலகைகள், விளக்கு. விளக்கைத் தவிர மற்றதெல்லாம் செய்துவிட்டார்கள். விளக்குக் கம்பம்கூட நட்டாயிற்று. கரன்ட் பில்லைத் துறை கட்டுவதா, ஊராட்சி கட்டுவதா என்பதில் நிற்கிறது. ஏழு மாதமாக நிற்கிறது.

பால்காரர் மறுபடி வண்டி ஓட்டுகிறார். மூன்று மாதம் அவர் மகன்தான் பால் எடுத்துப் போனான். அந்தச் சிறுபாலம் இப்போது நல்ல கைப்பிடிச் சுவரோடு, சுவரின் இரு முனையிலும் ஒளிரும் பட்டைகளோடு இருக்கிறது.

இது கார்த்திகை. ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. ரேஷன் கடை மூடும் நேரமும் ஏறக்குறைய அதுதான். வருகிற வெள்ளிக்கிழமை பாமாயில் போடுகிறார்களாம், டீக்கடை அம்மா போனில் சொன்னார். ஐந்தரையிலிருந்து ஏழரை வரை அந்த இடத்தில் நின்று, எத்தனை பேர் இருட்டில் கடக்கிறார்கள், அதில் குழந்தைகள் எத்தனை, வயதானவர்கள் எத்தனை என்று எண்ணப் போகிறேன். திங்கட்கிழமை கூட்டத்துக்கு அந்தத் தாள் வேண்டும்.