அவளா, அவரா, அதுவா

“டீச்சர், வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. ரெண்டு நாள் வர முடியுமா?” என்று டிராவல்ஸ்காரர் போன் செய்தபோது நான் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை. 2024 ஜூலை 21 அன்று ஜோ பைடன் அமெரிக்க அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து விலகி, கமலா ஹாரிஸின் பெயரைச் சொல்லியிருந்தார். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் துளசேந்திரபுரத்தைத் தவிர வேறு எங்கே வரப்போகிறார்கள்?

நான் தனியார் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் நடத்துகிறேன். சம்பளத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. மொழிபெயர்ப்பு வேலைக்கு ஏன் போகிறேன் என்பதே அதைச் சொல்லிவிடும். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்க வருகிறவர்கள், சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் படம் எடுக்க வருகிறவர்கள் என்று வருஷத்தில் ஏழெட்டு முறை கூப்பிடுவார்கள். துளசேந்திரபுரத்துக்கு மட்டும் அதற்கு முன் இரண்டு முறை போயிருந்தேன். 2020 நவம்பரில் ஒன்று, 2021 ஜனவரியில் கமலா துணை அதிபராகப் பதவியேற்றபோது ஒன்று.

அந்த இரண்டும் சுலபமான வேலை. வாசலில் கோலம், வெடி, முறுக்கு, சர்க்கரைப் பொங்கல். சொல்ல வேண்டிய கதையும் எனக்கு மனப்பாடம். கமலாவின் தாத்தா பி.வி. கோபாலன் இந்த ஊர்க்காரர், இளம் வயதிலேயே வெளியேறி மத்திய அரசு வேலைக்குப் போனவர். அவர் மகள் சியாமளா, அதாவது கமலாவின் அம்மா, 1958இல், 19 வயதில், தனியாக அமெரிக்காவில் இருக்கும் பெர்க்லிக்குப் படிக்கப் போனார். தர்ம சாஸ்தா கோயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லில் கமலாவின் பெயரும் இருக்கிறது, 2014இல் 5,000 ரூபாய் கொடுத்ததற்காக. வருகிற எல்லோரும் முதலில் அந்தக் கல்லைத்தான் படம் எடுப்பார்கள். அக்ரகாரத்து வீடுகளில் இருந்தவர்கள் பலரும் என்றோ போய்விட்டார்கள், வெடி வெடிப்பவர்கள் பெரும்பாலும் வேறு தெருக்காரர்கள் என்பதை நான் ஒவ்வொரு முறையும் சொல்வேன். அது மட்டும் எந்தச் செய்தியிலும் வந்து நான் பார்த்ததில்லை.

2024இல் வந்த நிருபர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். நிதானமானவர், கேள்விகளை எழுதி வைத்திருந்தார். முதல் கேள்வியிலேயே நான் மாட்டிக்கொண்டேன். கமலா ஹாரிஸ் ‘போலரைசிங்’ ஆனவர் என்று சொல்கிறார்களே, உங்கள் கருத்து என்ன? டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவரிடம், “அவங்க மக்களை ரெண்டாப் பிரிக்கிறவங்கன்னு சொல்றாங்களே” என்றேன்.

“யாரைப் பிரிச்சுது? குடும்பத்தையா?”

தப்பு என்மீதுதான். ஒரு பெண் பிரித்தாள் என்றால் நம் காதில் விழுவது அண்ணன் தம்பியைப் பிரித்த மருமகள் கதை, கூட்டுக் குடும்பத்தில் வந்த தனி அடுப்பு. சொல்லை மாற்றி, “சில பேருக்கு ரொம்பப் பிடிக்கும், சில பேருக்கு அறவே பிடிக்காது” என்றேன். “யாரைத்தான் எல்லாருக்கும் பிடிக்குது?” என்று டீயைக் குடித்தார். அதையும் மொழிபெயர்த்தேன். நிருபர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பெண் தலைவரைச் சிலர் தெய்வம் என்பதும் சிலர் வாயில் வராத வார்த்தையில் திட்டுவதும் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. ஜெயலலிதா காலம் முழுக்க அதைப் பார்த்தோம். மன்னார்குடி என்ற எங்கள் ஊர்ப் பெயரையே அரசியலில் வசைச் சொல்லாக வைத்துப் பேசிய வருஷங்கள் உண்டு. ஹிலாரி கிளின்டன் 2011 ஜூலையில் சென்னைக்கு வந்து ஜெயலலிதாவைச் சந்தித்தபோது, எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் பேசப்பட்டது வெளியுறவுக் கொள்கை அல்ல, யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பது. ஐந்து வருஷம் கழித்து அதே ஹிலாரி ஏறக்குறைய 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றபோது, “புருஷன் அப்படிப் பண்ணியும் விட்டுட்டுப் போகலையே, அவளுக்கு யார் ஓட்டுப் போடுவா?” என்றார் ஒரு சக ஆசிரியை. முனைவர் பட்டம் பெற்றவர். சரி, அது வேறு கதை.

முதல் நாள் மாலை நிருபர் ஒரு வேலை கொடுத்தார். பதிவுகளை எல்லாம் கேட்டு, முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்துப் பதினைந்து பேர் பேச்சை எழுதி முடிக்கும்போதுதான் கவனித்தேன், என் தாளில் எல்லா வரியும் ‘ஷி’ என்றுதான் தொடங்குகிறது. காதில் விழுந்தது அப்படி இல்லை. ஒருவர் அவங்க என்றார். ஒருவர் அவள் என்றார். பாதிப் பேர் அது என்றார்கள். “அது கெட்டிக்காரப் பொண்ணு.” “எப்படியும் ஜெயிச்சிடும்.” ஒரு பாட்டி அவ, அது, அந்தப் புள்ள மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். யார் எந்த இடத்தில் நின்றுகொண்டு பேசுகிறார் என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. அதைத்தான் நான் ஒவ்வொரு வரியிலும் துடைத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் இதே சிக்கல்தான். நிருபர் ‘ஷி’ என்று கேட்பதை நான் ‘அவங்க’ என்று சொல்லித்தான் கேட்கிறேன். அந்த மரியாதை அவர் கொடுத்ததா, நான் கொடுத்ததா? கேள்வியில் நான் வைத்த ‘அவங்க’வைப் பதிலில் யார் கீழே இறக்குகிறார் என்று மறுநாள் காது வைத்துக் கேட்க ஆரம்பித்தேன். வேலைக்கு அது கெடுதல். பாதி நேரம் வாக்கியத்தைத் தவறவிட்டேன்.

மறுநாள் காலை நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போனோம். வாய்க்காலில் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அந்த வருஷம் ஜூலை 28இல்தான் திறந்தது. நாங்கள் போனது அதற்கு முன்பு. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. குறுவை போட்டவர்கள் எல்லாம் போர் தண்ணீரை நம்பிப் போட்டவர்கள். நிருபர் அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிக் கேட்டால் பதில் மேட்டூரில் போய் நின்றது. “யாரு வந்தா என்ன டீச்சர், 319 ரூபாய் கூலியை அந்தம்மாவா ஏத்தித் தரப்போகுது?” என்றார் ஒரு அக்கா. நடவுக் காலத்தில் ஆள் சேர்த்து வருகிறவர் அவர். சட்டை மேல் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்ற தோரணையில் யாருக்கும் ஓட்டுப் போடத் தோன்றும்.

நிருபர் போனில் ஒரு காணொளியைக் காட்டினார். கமலா வாய்விட்டுச் சிரிக்கும் காட்சி. டிரம்ப் அந்தச் சிரிப்பை வைத்தே அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்த சமயம். வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, “பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு” என்றார். பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நிருபர் என்னைப் பார்த்தார். புகையிலையை விரித்து வைத்தால் காரம் போய்விடும் என்பதில் தொடங்கி நான் விளக்கி முடிப்பதற்குள், அக்கா தாத்தாவிடம், “அவ ஆத்தா எப்படிச் சிரிச்சாளோ அப்படித்தான் சிரிப்பா, உனக்கென்ன?” என்று கேட்டு முடித்துவிட்டார். அது தன் அம்மாவின் சிரிப்பு என்று கமலாவே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

பிள்ளை பெறாதவர் என்ற பேச்சும் அந்த வாரம்தான் அடிபட்டது. துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸ் 2021இல், பிள்ளையில்லாமல் பூனை வளர்க்கும் பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள் என்று சொன்னதை மறுபடி எடுத்துப் போட்டிருந்தார்கள். இதைக் கேட்க வேண்டாம் என்று நிருபரிடம் சொன்னேன். அந்தக் கூட்டத்தில் பிள்ளையில்லாத ஒருவர் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் பேச்சு தானாகவே அங்கே வந்தது. கணவரின் முதல் மனைவிக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் கமலாவை ‘மோமலா’ என்று கூப்பிடுவார்கள் என்றேன். “மூத்தா பிள்ளைங்களா? அப்ப இது சித்தியா?” என்றார் அக்கா.

அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. 2020 ஆகஸ்டில் வேட்பாளராக ஏற்றுப் பேசியபோது கமலா ‘சித்தி’ என்று தமிழில் சொன்னதற்கு இங்கே எத்தனை கைதட்டல். அவர் சொன்னது அம்மாவின் தங்கைகளை. நம் ஊரில் மாற்றாந்தாய்க்கும் அதே சொல்தான், அதற்குள் எத்தனை கொடுமைக் கதைகள் இருக்கின்றன. அங்கே அந்தப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்ற அம்மாவும் கமலாவுக்காகப் பரிந்து பேசினார்கள் என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. “டீச்சர் சும்மா சொல்றாங்க” என்றார் ஒருவர். நான் சொன்ன பிள்ளையில்லாத அந்தப் பெண் மட்டும் மண் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “நெசமாவா?” என்று கேட்டார்.

மதியத்துக்கு மேல் மன்னார்குடியில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். மகன் டெக்சாஸில் இருக்கிறார், பச்சை அட்டைக்குக் காத்திருக்கிறார். காபி, பிஸ்கட், நல்ல ஆங்கிலம். எனக்கு வேலையே இல்லை. ஆனால் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னதுதான் அவர் மனதில் இருந்தது: “நம்மாளுன்னு நாம சொல்லிக்கிறோம். அவள் தன்னைக் கறுப்பர்னு தானே சொல்லிக்கிறாள்?” அப்பா ஜமைக்காவில் பிறந்த பொருளாதாரப் பேராசிரியர், அம்மா தன்னையும் தங்கையையும் கறுப்பினப் பெண்களாகவே வளர்த்தார் என்று கமலா பலமுறை சொன்னதுதான். அடுத்த வாரமே டிரம்ப் சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் முன்னால், அவர் திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்றார். கேட்டவுடன் எனக்கு மன்னார்குடிக் கூடம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு பேருக்கும் எரிச்சல் ஒன்றுதான். பெண் நம் கணக்கில் நிற்கவில்லை.

கூத்தாநல்லூரில் ஒரு கடைக்காரர் மிகக் கடுமையாகப் பேசினார். “காஸாவுல குண்டு போடுறவங்களுக்கு ஆயுதம் கொடுக்கிற அரசாங்கத்துல அவங்க ரெண்டாவது இடத்துல இருக்காங்க. அவங்க என்ன செஞ்சாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க” என்றார். மிச்சிகனில் அரபு வம்சாவளி வாக்காளர்கள் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. இரண்டு நாளில் கமலாவை நேராக எதிர்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரு இடத்திலும் ‘அவள்’ வரவில்லை, ‘அது’ வரவில்லை. வெடி வாங்கி வைத்தவர்கள் கமலாவைப் பேத்தியாக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். இவர் ஒருவர்தான் அதிபர் வேட்பாளராக எதிரே நிறுத்திக் கேள்வி கேட்டார். இதை ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று நிருபரிடம் காரில் வரும்போது விளக்கிப் பார்த்தேன். ஆர்வமாகக் கேட்டார். “ஆனால் இதற்கு இடமிருக்காது” என்றார்.

கடைசியாக, வேறொரு ஊராட்சியில் பெண் தலைவர் ஒருவரைப் பார்க்கப் போனோம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர். வீட்டில் நாற்காலி போட்டு எங்களை உட்காரவைத்தவர் கணவர். கமலா ஹாரிஸைப் பற்றியும், பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றியும், ஊராட்சிக்கு வராத நிதியைப் பற்றியும் அவரே முக்கால் மணி நேரம் பேசினார். ஊரில் அவரைத்தான் பிரசிடெண்ட் என்கிறார்கள், தலைவரை பிரசிடெண்ட் வீட்டம்மா என்கிறார்கள். அந்தம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

கணவர் போன் வந்து வெளியே போனதும் கேட்டார். “டீச்சர், அங்க அவங்க ஜெயிச்சா, அவங்க வீட்டுக்காரர் எங்க உட்காருவார்?”

நிருபருக்குச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் நோட்டை எடுத்தார். கமலாவின் கணவர் பெரிய வக்கீல், மனைவி துணை அதிபரானதும் தன் நிறுவனத்து வேலையை விட்டுவிட்டார் என்று என்னிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“வேலையை விட்டுட்டாரா?”

“ஆமாங்க.”

“அவரேவா விட்டார்?”

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நவம்பர் 5 அன்று கோயிலில் சிறப்பு பூஜை. மறுநாள் முடிவு வரும்போது எங்களுக்குப் பகல். காலையிலேயே கேமராக்கள் ஊரில் நின்றன. மதியம் ஒரு மணி வாக்கில் பென்சில்வேனியாவும் போனது. கடைசிக் கணக்கு 312க்கு 226. ஆனால் வாக்குகளில் ஒன்றரை சதவீதம்தான் வித்தியாசம், ஏழரைக் கோடிப் பேர் கமலாவுக்குப் போட்டிருந்தார்கள். தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த வெடிகளைப் பையன்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். “பாவம், தோத்துடுச்சு” என்றார்கள் ஆளாளுக்கு. காலையில் கேமரா முன்னால் ‘அவங்க’ என்றவர்களும் மத்தியானம் அப்படித்தான் சொன்னார்கள். தாளடி நடவிலிருந்து முழங்கால் சேற்றோடு திரும்பிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்து, “மழை வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போ தங்கச்சி” என்றார். தேர்தலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் அந்த ஊராட்சித் தலைவரை மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்திருந்தது. தனியாக நின்றார், கையில் மருந்துக்கடைப் பை. என்னை அடையாளம் கண்டு அவர்தான் கிட்டே வந்தார்.

“அவங்க இப்ப என்ன பண்றாங்க டீச்சர்?”

யாரென்று எனக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. சொந்த ஊரான கலிபோர்னியாவுக்குத் திரும்பிவிட்டார் என்றேன்.

“வீட்டுக்காரர்?”

“அவர் மறுபடி வக்கீல் வேலைக்குப் போயிட்டாராம்.”

“ம்” என்றார். திருத்துறைப்பூண்டி வண்டி வந்தது. ஏறி, பெண்கள் பக்கம் ஜன்னலோரமாக இடம் பிடித்துக்கொண்டு, “போயிட்டாரா?” என்று அங்கிருந்து இன்னொரு முறை கேட்டார்.