ரேஷன் அரிசியும் ஜெனீவாவும்
காலையில பெரியம்மாவோட ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். முப்பது வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனியில பிசிர் வெட்டுன கை. ரேகையே தேஞ்சுபோச்சு. மெஷின் மூணு தடவை ஏத்துக்கல. விரலைத் தலைமுடியில தேய்ச்சு நாலாவது தடவை வெச்சப்பதான் பில் வந்துச்சு.

"அரிசி மட்டும் கிடைச்சாப் போதும் கண்ணு, மத்ததைச் சமாளிச்சுக்கலாம்"னாங்க. அவங்க வெட்டுன பனியன் எல்லாம் டாலருக்குப் போச்சு. கூலி பத்தாத மாசமெல்லாம் அடுப்பு எரிஞ்சது இந்த அரிசியில.

1997ல மத்திய அரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலேன்னு குடும்பங்களைப் பிரிச்சு ரேஷனைச் சுருக்குச்சு. தமிழ்நாடு எல்லாருக்கும்ங்கிறதை விடல. 2011 ஜூன்ல இருந்து அரிசிக்குக் காசும் இல்ல. கோடு போட்டிருந்தா, சொந்த ஓட்டு வீடு இருக்குன்னே பெரியம்மாவைத் தள்ளியிருப்பாங்க.

இந்த அரிசிக்கு ஜெனீவாவுல ஒரு கணக்கு இருக்கு. அரசு ஆதரவு விலை கொடுத்து நெல்லு வாங்கி இருப்பு வெச்சா, அங்க இருக்கிற உலக வர்த்தக அமைப்பு அதை மானியத்துல சேர்க்குது. உற்பத்தி மதிப்புல 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாதாம். மானியத்தைக் கணக்குப் போட, அரசு கொடுக்குற விலையை ஒப்பிடுறது எந்த விலையோட தெரியுமா? 1986-88 விலையோட! அந்த விலைக்கு இன்னைக்கு எந்த விவசாயி நெல்லு போடுவாரு? எனக்கு ஆத்திரமா வருது. அந்த அமைப்போட 2013 பாலி மாநாட்டுல, வரம்பைத் தாண்டினாலும் வழக்குப் போடமாட்டோம்னு தற்காலிகமா ஒரு பாதுகாப்பு கிடைச்சது. நிரந்தரத் தீர்வு இன்னும் வரல.

பெரியம்மா திண்ணையில முறத்தை வெச்சு அரிசி புடைச்சுக்கிட்டிருக்காங்க.