ரகசியம் என்றால் எது ரகசியம்?

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் பஸ் மாறும் இடைவெளியில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். பழம்பொரி சுற்றித் தந்த தாளில் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றிய செய்தி. பாதி எழுத்து எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. பக்கத்தில் நின்ற பாறசாலை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ரகசியம் தம்பி, சொல்ல மாட்டானுவ" என்றார்.

எது ரகசியம்? காவல் எந்த நேரத்தில் மாறுகிறது, எரிபொருள் எந்த வழியாக வருகிறது, இதெல்லாம் எனக்கு வேண்டாம். நானே கேட்டாலும் துரத்திவிடுங்கள். ஆனால் ஏதாவது நடந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, கதிர்வீச்சு கசிந்தால் விழுங்க வேண்டிய அயோடின் மாத்திரை எங்கே கிடைக்கும் என்பது நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் இடிந்தகரைக்காரருக்குத் தெரிய வேண்டாமா?

முதல் இரண்டு உலைகளின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடச் சொல்லி 2012இல் மத்திய தகவல் ஆணையமே உத்தரவிட்டது. அதைத் தர மறுத்தவர்கள் பாதுகாப்போடு வணிக ரகசியத்தையும் காரணமாகச் சொன்னார்கள். வணிகம்! சரி, விடுங்கள்.

2019 அக்டோபர் 29 அன்று, உலையின் கட்டுப்பாட்டு அமைப்பின் மீது சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று அணுமின் நிலையத்திலிருந்து அறிக்கை. மறுநாளே, கணினியில் வைரஸ் புகுந்தது உண்மை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினிதான், உலையை இயக்கும் அமைப்பு தனி. வைரஸ் புகுந்ததை முந்தின நாளே சொல்லியிருந்தால் எந்த எதிரிக்கு லாபம்? செப்டம்பர் 4ஆம் தேதியே விஷயம் தெரிந்திருக்கிறது.

அண்ணன் தாளைக் கசக்கி எறிந்தார். "காத்து நம்ம பக்கம் அடிச்சா முதல்ல யாருடே நமக்குச் சொல்லுவா? தமிழ்நாடா, கேரளாவா?"

அதற்குள் திருவனந்தபுரம் பஸ் வந்துவிட்டது.