முகாமுக்கு முன்னால் அட்டையைத் தேடுங்கள்

கிருஷ்ணகிரியில் மாங்காய் லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டன. மகளைக் கோடை முகாமில் சேர்க்கப் போனேன். தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்ட அட்டையின் நகல் வேண்டும் என்றார்கள். பக்கத்தில் நின்ற ஒரு அப்பாவுக்குக் கோபம். "படம் வரையக் கத்துக்கறதுக்கு ஊசி எதுக்குங்க?"

எனக்கோ அவர்கள் கேட்டதே பெரிய நிம்மதி. நம் பாட்டிமார் மணல்வாரி என்பார்களே, அதுதான் இந்தத் தட்டம்மை. அம்மை கண்ட பிள்ளை அறையைவிட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். அதனால் 'உடம்பு சரியில்லை என்றால் அனுப்ப மாட்டோம்' என்பது போதாது. ஊசி போடாத பிள்ளைகள் நெருங்கிப் பழகினால் 10 பேரில் 9 பேருக்கு வரலாம்.

9 மாதம் முடிந்ததும் முதல் ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. பலர் விடுவது இந்த இரண்டாவதைத்தான். விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கேளுங்கள். கடைசி நாளில் ஓடாதீர்கள், எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரமாவது வேண்டும்.

இதையெல்லாம் அந்த அப்பாவிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் வீட்டுக்குப் போன் போட்டு, "பீரோவுல பாப்பா அட்டை இருக்கா பாரு" என்றார்.