மகளின் கல்லீரல் கட்டிக்கு எடுத்த குமிழி மருந்து ஸ்கேன்

வயிற்று வலி என்று கோபிச்செட்டிபாளையத்தில் என் மகளுக்கு ஸ்கேன் எடுத்தோம். வலி மலச்சிக்கலால் வந்தது, அது சரியாகிவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டில் ‘கல்லீரலின் வலப்பக்கம் 3 சென்டிமீட்டர் கட்டி, மேல் பரிசோதனை தேவை’ என்று ஒரு வரி இருந்தது. எட்டு வயதுக் குழந்தை. எங்களுக்கு உயிரே இல்லை.

ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனை சாதாரண அளவில் வந்தது. சின்னக் குழந்தைகளுக்கு வரும் ஹெபடோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயில் அது பெரும்பாலும் ஏறியிருக்குமாம். அந்த நோயும் பெரும்பாலும் மூன்று வயதுக்குள்தான் வருமாம். கொஞ்சம் தைரியம் வந்தது, தூக்கம் வரவில்லை.

அடுத்து சிடியா, எம்ஆர்ஐயா என்று கேள்வி. சிடியில் கதிர்வீச்சு உண்டு. எம்ஆர்ஐயில் அது இல்லை, ஆனால் வெகுநேரம் அசையாமல் படுக்க வேண்டும். எங்கள் பிள்ளைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்றார்கள். கோயம்புத்தூரில் பார்த்த குழந்தைகள் டாக்டர்தான், “முதல்ல கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் பார்த்துடலாங்க. பல சமயம் அதுலயே விடை கிடைச்சிரும்” என்றார். அதுவரை அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

அதே ஸ்கேன் மெஷின், அதே ஜெல். கூடுதலாகக் கையில் வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போட்டு ஒரு மருந்து ஏற்றுகிறார்கள். சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு என்ற வாயு, மெல்லிய கொழுப்பு உறைக்குள் நுண்ணிய குமிழிகளாக இருக்கும். ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியவை. ரத்தக் குழாயை விட்டு வெளியே போகாது. சிடி ஸ்கேன் மருந்தில் இருக்கும் அயோடினும் இல்லை, எம்ஆர்ஐ மருந்தில் இருக்கும் கடோலினியமும் இல்லை. சிறுநீரகத்துக்கு வேலையும் இல்லை. அமெரிக்காவில் குழந்தைகளின் கல்லீரல் கட்டிகளைப் பார்க்க இதற்கு 2016இல் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். அளவு கிலோவுக்கு 0.03 மில்லி. 22 கிலோ பிள்ளைக்கு 0.66 மில்லி, ஒரு மில்லிகூட இல்லை.

கூட வந்த எங்கள் அம்மாவுக்கு ஊசி என்றதும் பதற்றம். “பச்சப் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?” என்று கேட்டார். ஒவ்வாமை அபூர்வமாக வரலாம், அதற்கான மருந்தெல்லாம் அறையிலேயே வைத்திருக்கிறோம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். முன்பு எந்த மருந்துக்காவது அலர்ஜி வந்திருக்கிறதா என்றும், இதயக் கோளாறு உண்டா என்றும் விசாரித்தார்கள். எனக்கு அந்த விசாரிப்பே பெரிய ஆறுதல்.

நான் பக்கத்திலேயே நிற்கலாம் என்றார்கள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். “குமிழி எல்லாம் அப்புறம் எங்கே போகும்?” என்று அவள் கேட்டாள். “நீ மூச்சு விடறப்ப வெளிய போயிரும் சாமி, அசையாம படுத்துக்கோ” என்றார் டாக்டர். உண்மையிலேயே அந்த வாயு நுரையீரல் வழியாகத்தான் வெளியேறுகிறது.

மருந்தும் அதன் பின்னால் சலைனும் போனவுடன் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். திரை இரண்டாகப் பிரிந்திருந்தது: ஒரு பக்கம் சாதாரணப் படம், மறுபக்கம் இருட்டு. அரை நிமிடம் ஆவதற்குள் அந்த இருட்டில் கட்டியின் நடுவிலிருந்து வெளிச்சம் கிளம்பி, மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல ஓரம் நோக்கிப் பரவியது. அப்புறம் கட்டி முழுவதும் பளிச்சென்று நிறைந்தது. ஹெமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டி என்றால் ஓரத்தில் தொடங்கி உள்ளே நிறையுமாம். வெறும் நீர்க்கட்டி என்றால் உள்ளே வெளிச்சமே வராதாம்.

என் கணவர் அப்போதே “நல்லதுதானுங்களா?” என்று கேட்டுவிட்டார். டாக்டர் பதில் சொல்லவில்லை. கெட்ட கட்டிகளும் தொடக்கத்தில் பளிச்சென்று தெரியலாம். இரண்டு நிமிடத்துக்குப் பிறகு அதன் வெளிச்சம் சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிப் போகிறதா என்பதுதான் முக்கியமாம். குமிழிகள் சீக்கிரம் உடையாமல் இருக்க, விட்டு விட்டுப் பார்த்தார். அந்தச் சில நிமிடங்கள் எனக்கு நகரவே இல்லை. கடைசிவரை கட்டி மங்கவில்லை. எஃப்என்எச், புற்றுநோய் அல்லாத கட்டி என்று அவர் சொன்னதும் அம்மா அங்கேயே கும்பிட்டுவிட்டார்.

எல்லாருக்கும் இது ஒன்றே போதாது. ஒரு ஊசியில் தொடக்கத்திலிருந்து ஒரு கட்டியைத்தான் முழுசாகத் தொடர முடியும். பல கட்டிகள் இருந்தாலோ, ஆழத்தில் இருந்தாலோ, மங்கல் தெரிந்தாலோ எம்ஆர்ஐ, சில சமயம் பயாப்ஸி (கட்டியில் துளி சதை எடுத்துப் பார்ப்பது) வரை போக வேண்டும். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் பார்ப்பதும் அவசியம். ஆனால் சிடிக்கோ மயக்க மருந்துக்கோ சம்மதிக்கும் முன், “எங்க குழந்தைக்கு இது பண்ண முடியுங்களா?” என்று எந்தப் பெற்றோரும் தயங்காமல் கேட்கலாம். எல்லா ஊரிலும் இது கிடையாது. போன் செய்து, குழந்தைகளுக்குச் செய்கிறார்களா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய ஸ்கேன் படங்களை எடுத்துப் போங்கள். முடிந்ததும் ரிப்போர்ட்டோடு வீடியோ பதிவையும் குறுந்தகட்டில் கேட்டு வாங்குங்கள். இந்தச் சோதனையில் அசையும் படம்தான் ஆதாரம், அடுத்து பார்க்கும் டாக்டர் அதைத்தான் கேட்பார்.

அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோபியிலேயே சாதாரண ஸ்கேன் எடுத்து, கட்டியின் அளவு மாறுகிறதா என்று பார்த்தால் போதும் என்றிருக்கிறார்கள்.